சும்மா பார்க்க வந்தேன்

ஃபேர்வெல் நாளில் கடைசியாகப் பேச வேண்டியவள் நான்தான் என்று வகுப்பே சேர்ந்து முடிவு செய்திருந்தது. தெலுங்கில் ஆரம்பித்து, நடுவில் ஹிந்திக்குத் தாவி, ஆங்கிலத்தில் முடிக்க என்னால்தான் முடியும் என்றார்கள். செகந்திராபாத் பக்கம் மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு அது பெரிய திறமை இல்லை. வீட்டுக்குள் ஒரு பாஷை, வாசலில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் இன்னொன்று என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இருந்தாலும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நன்றாகவே பேசினேன். ஃபார்மசி படிக்க வந்த முதல் நாள் லேபில் பீக்கரை உடைத்தது, காலேஜ் பஸ்ஸில் என் புளிசாதத்துக்கு நடந்த சண்டை, மழையில் பஸ் நின்றுபோய் எல்லோரும் இறங்கித் தள்ளியது எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இனிமேல் இந்தப் படியில் எங்கள் கால் படாது. எங்களை மறந்துவிடாதீர்கள். ஒரு பேப்பரையும் பாக்கி வைக்காமல் படியுங்கள்" என்றேன். முன்வரிசையில் பெண்கள் அழத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. உண்மையான அழுகைதான்.

எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் மூன்றாம் வருஷத்துப் பெண் ஒருத்தி. அல்வாலில் இருந்து வருகிறவள். அப்பாவுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்லூரியில் என்னோடு தமிழில் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். நான் பேசும் வடஆற்காட்டுத் தமிழைக் கேட்டுச் சிரிப்பாள். அன்றைக்கு என் கையை விடவே இல்லை.

"இனிமே நான் யார்கிட்டக்கா பேச?" என்றாள்.

"அடியே, நான் இன்னா செத்தா போறேன்? போன் பண்ணு" என்றேன்.

அதற்குப் பிறகு பரீட்சை வந்தது, முடிந்தது. பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனை லேபில் பயிற்சி வேலையும் கிடைத்தது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தன் செக்‌ஷன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். ரிசல்ட் வந்த அன்று நான் கம்பெனியில் இருந்தேன். கழிவறைக்குள் போய் மொபைலில் பார்த்தேன். புள்ளியியல் பேப்பரில் ஃபெயில். திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், மாறவில்லை. பாஸ் பண்ணிவிட்டு வாருங்கள், அப்போது பார்க்கலாம் என்று கம்பெனியில் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, "ஒங்கப்பா எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்துட்டாரேடி" என்றார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

சப்ளி என்று நாங்கள் சொல்லும் மறுதேர்வும் அதே கல்லூரியில்தான். பழைய காலேஜ் பஸ்ஸில் ஏற எனக்குத் தைரியம் இல்லை. டவுன் பஸ் மாறி மாறிப் போனேன். ஸ்கூட்டியில் போகிற பெண்கள் வெயிலுக்குக் கட்டிக்கொள்வதுபோல ஸ்கார்ஃபால் முகத்தைக் கண் மட்டும் தெரியக் கட்டிக்கொண்டேன். கேட்டில் வாட்ச்மேன், "ஸ்கார்ஃப் நிகாலோ அம்மா" என்றார். எடுத்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா அவள் வர வேண்டும்!

"அக்கா!" என்று வாசலே அதிரும்படி கத்திக்கொண்டு ஓடிவந்தாள் அல்வால் பெண். "எங்கள பாக்க வந்தீங்களா?"

ஹால் டிக்கெட் பைக்குள் இருந்தது. "ஆமா, சும்மா பாக்க வந்தேன்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியம் போதும். என்னைக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இப்போது இறுதி ஆண்டுக்கு வந்துவிட்ட அவள் கூட்டம் முழுக்க அங்கே இருந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். டீயும் சமோசாவும் வந்தன. வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நான் சொன்னேன். வெள்ளைக் கோட்டு, காதைத் துளைக்கும் ஏசி, ஷேர் ஆட்டோவில் மூச்சுமுட்ட நெருக்கிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போவது என்று போய்வந்த சில வாரங்களை இன்றைக்கும் நடப்பதுபோலச் சொன்னேன். ஒரு பெண், "நிஜமாகவே எங்களைப் பார்க்கவா லீவு போட்டீர்கள்?" என்று தெலுங்கில் கேட்டாள். தலையாட்டினேன்.

முதல் மணி அடித்தது. அல்வால் பெண் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, நான் போணும். எனக்கு ஒரு சப்ளி இருக்கு" என்றாள், சிரித்துக்கொண்டே. "நீங்க மேடையில அவ்வளவு சொல்லியும் பாக்கி வச்சிட்டேன் பாத்தீங்களா. வெக்கமா இருக்கு. இங்கனயே இருங்க, எழுதிட்டு ஓடி வந்துருதேன்."

எல்லோரும் சிரித்து அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். எழுந்து அவளோடு போக வேண்டிய நேரம் அதுதான். எனக்கும் இருக்குதுடி, வா போலாம் என்றால் முடிந்தது. அந்தச் சிரிப்பில் என் விஷயமும் சேர்ந்து கரைந்துபோயிருக்கும். நானோ, "நல்லா எழுது. டென்ஷன் ஆவாத" என்று அக்காவாகவே கையசைத்து அனுப்பினேன்.

இரண்டாவது மணியும் அடித்தது. ஆபீஸில் ஒரு சர்டிஃபிகேட் வாங்க வேண்டும் என்று எதையோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மறைவு வந்ததும் ஓடினேன். ஹாலுக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த ஆசிரியை என்னைத் தெரிந்தவர். "இவ்வளவு லேட்டா?" என்று உரக்கக் கேட்டார். தலைகள் நிமிர்ந்தன. அவள் தலையும்.

என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன், கேலி வந்திருந்தாலும்கூட. அவளோ, எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்பதுபோலச் சட்டென்று குனிந்து எழுதத் தொடங்கினாள். பேப்பர் முடியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்தபோது படிக்கட்டில் காத்திருந்தாள்.

"பேப்பர் எப்படிக்கா இருந்துச்சு?"

"சுமாரு."

செகந்திராபாத் வரை ஒரே பஸ்ஸில் வந்தோம். அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். எழுதிய விடைகளைச் சொன்னாள், நான் எழுதியவற்றைக் கேட்டாள். கேன்டீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ம், ம் என்றேன். இறங்கும்போதுதான் மெதுவாகச் சொன்னாள்: "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா."

சொல்லு, எல்லார்கிட்டயும் சொல்லு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "சரிம்மா" என்றேன். அவள் அல்வால் பஸ்ஸில் ஏறிப் போனாள். ஃபெயிலானதற்காக வெட்கப்படுவதை அதோடு விட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். என்னைவிடச் சின்னவள், நான் சொல்லிவிட்டு வந்த பொய்யை எனக்காகக் காப்பாற்றித் தருகிறாள் என்ற நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது.

அந்த முறை பாஸ் ஆனேன். பட்டான்செருவிலேயே வேறு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. அப்பா இந்தத் தடவை ஸ்வீட் வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அவளுடைய ஃபேர்வெலுக்குக் கூப்பிட்டாள். "நீங்க பேசல்லாம் வேண்டாம்க்கா. சும்மா வந்து உக்காருங்க, போதும்."

"எனக்கு அன்னிக்கி ஷிஃப்ட் இருக்குதே" என்றேன். ஷிஃப்ட் இல்லை. வார விடுமுறை.

அன்றைக்கு வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "லீவுதானே, எங்கியும் போலியா?" என்று அம்மா கேட்டார். தலைவலி என்றேன். மத்தியானம் முழுக்க மொபைலைக் கவிழ்த்தே வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டே அவளுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்தான்.

"நேத்து எனக்கு ஷிஃப்ட் இல்லடி" என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள். காது சுட்டது. பிறகு, "நேத்து மைக் மக்கர் பண்ணி ஒரே கூத்துக்கா" என்று ஆரம்பித்தாள். ஆட்டோ இரைச்சலில் பாதி கேட்கவில்லை. இருந்தும் கம்பெனி கேட் வரும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.