கழுத்தைப் பார்க்கிறவர்

"கோடு கிடக்கட்டும், கழுத்தைப் பாருங்க" என்று லென்ஸுக்கு அடியில் இடுக்கியால் வண்டைப் புரட்டுகிறார் வண்டு மேடம். பயிர் மருத்துவ அறைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவார்.

மேசை நிறையப் பூச்சிக் குப்பிகள். வீட்டு ஃபிரிட்ஜிலும் அதே கூத்துதான். பாலை எடுக்கப் போன கணவர் குப்பியை எடுத்துவிட்டுக் கத்தியிருக்கிறார். "மூடி போட்டுத்தானே வச்சிருக்கேன், அது பாட்டுக்குக் கிடக்குது, உங்களுக்கென்ன" என்று அவரையே மடக்கிவிட்டாராம். இருபது வருடத்தில் ஒரு பூச்சிக்குக்கூட லென்ஸ் வைத்துப் பார்க்காமல் பெயர் சொன்னதில்லை. அப்படியொரு பிடிவாதம்.

இன்று எதிரே உட்கார்ந்திருப்பவர் குதிரைக்காரர். இருப்பதே ஒரு குதிரை, அதுவும் நிறைமாதச் சினை. அதற்காகக் குதிரைமசால் என்ற தீவனப் பயிரை அறுத்துக் காயவைத்துக் கட்டிவைத்திருக்கிறார். கட்டுக்குள் கிடந்த வரி வண்டுகள் நாலைந்தைத் தீப்பெட்டியில் கொண்டுவந்திருக்கிறார்.

"உருளைக்கிழங்குச் செடியில வர்ற வண்டுதானே மேடம்?"

"அது பாதிப் பட்டாணி மாதிரி இருக்கும், கழுத்தே தெரியாது. இது நீளம். தலைக்குக் கீழ ஒடுங்கியிருக்கு பாருங்க. கொப்புள வண்டு. தோல்ல பட்டாலே கொப்புளிக்கும், உள்ள போனா குதிரைக்குக் குடல் வெந்துடும். அந்தக் கட்டைப் போடாதீங்க."

"செத்துக் காஞ்சதுல என்ன விஷம் மேடம்? சாயங்காலம் போட அதை விட்டா வேற தீவனம் இல்ல."

எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். வண்டு காய்ந்தாலும் அதன் நஞ்சு காய்வதில்லை. இதை மேடம் மூன்று தடவை சொன்னார். குதிரைக்காரர் மூன்று தடவையும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு எழுந்தார். நம்பவில்லை என்று முகமே சொன்னது.

"உட்காருங்க. பட்டாத்தான் புத்தி வரும்னு விட்டுடலாம். ஆனா படப்போறது நீங்க இல்லையே."

ஒரு வண்டை எடுத்து, சொட்டு எண்ணெய் விட்டு நசுக்கி, தன் முன்கையில் அழுத்தித் தேய்த்தார். "நாளைக் காலைல வந்து இந்த இடத்தைப் பாருங்க. கொப்புளம் இல்லைன்னா நானே வந்து தீவனம் வைக்கிறேன். அதுவரைக்கும் யார்கிட்டயாவது கேட்டு வாங்கி வேற எதையாவது போடுங்க."

குதிரைக்காரர் பதறிப்போய் மூலைக் குழாயைத் திறந்துவிட்டார். "கழுவிடுங்க மேடம். நான் போடல, சத்தியமா போடல."

"இப்ப சொல்றது என் கைக்காக. காலைல கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க." மேடம் எழுந்து போய், மறு கையால் குழாயை இறுக மூடினார்.