கம்பியில் நடந்தவருக்கு வாசித்த தாளம்

பரவை சினிமாக் கொட்டகையில் ஊமைப்படங்களுக்குத் தபேலா வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலில் ஒரு சின்னப் படம் போட்டார்கள். எதிரெதிரே இருந்த இரண்டு மாடிக்கட்டடங்களுக்கு நடுவே கட்டிய கம்பியில் ஒரு வெள்ளைக்காரர் நிஜமாகவே நடந்ததை எடுத்திருந்தார்கள். அவர் பாதி தூரம் வந்ததும், ஜனங்களைக் குஷிப்படுத்தத் தாளத்தை வேகமாக்கினேன்.

"தாளத்த மாத்தாதீங்கண்ணே! ஆளு விழுந்துருவாரு!" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு பெண் கத்தினாள். பரவைச் சந்தையில், புருஷன் கயிற்றில் நடக்கும்போது கீழே நின்று அவன் எடுத்துவைக்கிற அடிக்குத் தாளம் பிசகாமல் கொட்டு அடிக்கிறவள்.

கொட்டகையே சிரித்தது. என் வாசிப்பில் யார் குறை சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

"படத்துல நடக்குறவன் எப்பிடிம்மா விழுவான்?" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாளும் அதே படம்தான். அவள் வரவில்லை. ஆனாலும் அந்த வெள்ளைக்காரர் எதிர் மாடியில் கால் வைக்கிறவரை நான் தாளத்தை மாற்றவில்லை.