ஸ்டெல்லா அக்காவின் இருபத்து மூன்றாவது கட்டம்

செய்தி எனக்குப் புகைக்குள் வந்தது. பள்ளி முடிந்து வேனிலிருந்து இறங்கியபோது, ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளம் முழுவதும் கொசுப்புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி அங்கிள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை லிஃப்டுக்குப் போகவிடாமல் நிறுத்தினார். "பத்து நிமிஷம் நில்லு பாப்பா. டிங்கி காய்ச்சல் கேஸ் லா. பதினோராவது மாடி ஸ்டெல்லா, காலைல ஆஸ்பத்திரிலயே போயிட்டாங்க. உனக்கு யாரும் சொல்லலயா?"

எனக்கு அழுகை வரவில்லை. 'இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும்' என்பதே முதலில் தோன்றிய எண்ணம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் தேவாலயப் பாடகர் குழுவில் ஞாயிறுதோறும் அக்காவுடன் பாடிய உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களிடம் மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்குத் துணிவில்லை.

உங்களில் பலருக்கு அக்காவைச் சிறு வயதிலிருந்தே தெரியும். எனக்கு ஒன்றரை ஆண்டுகள்தான். முதல் பேச்சே திட்டுதான். லிஃப்டில் என் வயலின் பெட்டி அவர் முழங்காலில் இடித்தது. வெள்ளைக் கோலை ஒதுக்கிக்கொண்டு, "ஒன்பதாவது மாடியில தெனமும் பூனைய மிதிக்கிறது நீதானா?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்க வருமா? வரும்னா சனிக்கிழம மேல வா. என் கம்ப்யூட்டர் என்கிட்ட பொய் சொல்லுதான்னு பாக்கணும்."

அப்படித்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஒன்பது வயதில் பார்வையை இழந்த அக்கா, பகலில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பு கொடுப்பவர். மற்ற நேரமெல்லாம் உங்களுக்காக நான்கு குரல்களில் பாட்டு அமைப்பவர். ஆனால் அவர் அமைத்ததை ஸ்டாஃப் நோட்டேஷனின் ஐந்து கோடுகளில் எழுதிக் கொடுக்க எப்போதும் பார்வையுள்ள ஒருவர் தேவைப்பட்டார். அவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதுவார், தவறும் எழுதுவார், அந்தத் தவற்றை நீங்கள் பாடுவீர்கள். "என் பாட்டுல அடுத்தவங்க கைரேக" என்பார் அக்கா. பிறர் கை படாத ஒரு பக்கத்தையாவது உங்கள் குழுவை நடத்தும் அந்தோணி அங்கிளிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

இசைக் குறிப்பு எழுதும் இலவச மென்பொருள் ஒன்றைப் பார்வையற்றோரும் பயன்படுத்தும்படி பல நாட்டுத் தன்னார்வலர்கள் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான், அம்புக்குறி விசையை அழுத்தினால் ஒவ்வொரு சுரத்தின் பெயரையும் நீளத்தையும் சொல்ல வேண்டும். எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அக்கா அதைச் சோதித்து, தேறியது, தேறவில்லை என்று எழுதி அனுப்புவார். காதில் கேட்பதும் திரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் பங்கு. எனக்கு ஒரே விதிதான். "கேட்டா மட்டும் சொல்லு. எதையும் தொடாத. நீ தொட்டா அது உனக்கு வேல செய்யுது, எனக்கில்ல."

ஒருமுறை பாட்டின் தமிழ்ச் சொற்களைச் சுரங்களுக்குக் கீழே தட்டச்சு செய்தபோது திரைவாசிப்பான் ஒன்றுமே பேசவில்லை. தமிழ் எழுத்து வந்த இடமெல்லாம் மௌனம். அக்கா கடிதம் எழுதினார். இதுவரை யாரும் கேட்கவில்லையே என்று பதில் வந்தது. "இப்ப ஒருத்தி கேக்குறான்னு எழுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் விசைப்பலகையை நெருங்குவதற்குள் தாமே தட்டி அனுப்பிவிட்டார். சில வாரங்கள் கழித்து அந்த இயந்திரம் 'கருணை' என்பதை வெள்ளைக்காரர் வெற்றிலை மென்றதுபோல் உச்சரித்தது. அக்கா சிரித்த சிரிப்பில் கோப்பிக் குவளை கவிழ்ந்தது. "பரவால்ல, பேசுது! உன் வயலினவிட நல்லாத்தான் இருக்கு."

அவர் பயந்து நான் பார்த்தது ஒரே நாள்தான். கிறிஸ்துமஸுக்கு முன், ஒரு முழுப் பாட்டை எழுதி முடித்துக் கோப்பை மூடினார். மறுநாள் நான் போனபோது விசைப்பலகைமேல் கைகளை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "என் முன்னால என்னா இருக்கு, சொல்லு" என்றார். ஐந்து கோடுகள் மட்டும் இருந்தன. சொன்னேன். அவர் உதடு வெளுத்துவிட்டது. மூடும்போது 'சேமிக்கவா?' என்று கேட்கும் சிறு சன்னல் திரையில் வந்திருக்கிறது. திரைவாசிப்பான் அதைப் படிக்கவில்லை. எதுவும் கேட்கவில்லையே என்று அக்கா கணினியை அணைத்துவிட்டார். "பேசாத மெஷின நான் நம்ப மாட்டேன், அதனால ஆபத்து இல்ல. எல்லாத்தயும் பேசிட்டு ஒரே எடத்துல வாய மூடிக்குது பாரு, அதுதான் பயமா இருக்கு." அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் பழைய பாட்டையே பாடினீர்கள். அதன் பிறகு அக்கா ஒவ்வொரு கட்டத்தையும், அதாவது இரண்டு நெடுங்கோடுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டையும், எழுதியவுடன் சேமிப்பார். சேமிக்கும்போதெல்லாம் இயந்திரம் கோப்பின் நீண்ட பெயரை ஒப்பிக்கும். காதிலிருந்த ராகம் அறுந்துபோகும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்குவார்.

அந்தச் சன்னலைச் சரிசெய்துவிட்டதாகப் புதிய பதிப்பு ஒன்று வந்தது. நாங்கள் இரண்டு மணி நேரமாகச் சோதித்துக்கொண்டிருந்தோம். வெளியே நல்ல மழை. கடைசிச் சோதனை அதுதான். அக்கா மூடும் விசையை அழுத்தினார். திரையில் சன்னல் வந்தது. திரைவாசிப்பான் பேசவில்லை. அக்கா தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அவருடைய விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன, நகங்கள் வெளுத்திருந்தன. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மௌஸை நகர்த்தி அந்தச் சன்னலை ஒருமுறை தட்டினேன். மழைச் சத்தத்தில் அது கேட்டிருக்காது. உடனே, 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று ஆங்கிலத்தில் குரல் வந்தது.

"பேசிருச்சு! ஏய், பேசிருச்சு லா! கொஞ்சம் யோசிச்சுப் பேசுது, அவ்ளோதான். பாஸ்தானே?"

"பாஸ்தான்கா" என்றேன்.

அவர் தேறியது என்று எழுதித் தம் பெயரைப் போட்டு அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை, "இனிமே துண்டு துண்டா சேவ் பண்ண வேணாம், மூடும்போது அதுவே கேக்கும். ஈஸ்டர் பாட்டுல மிச்சத்த ஒரே மூச்சா எழுதறேன்" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். "சரிக்கா" என்றேன். அதற்கடுத்த சனிக்கிழமை மனப்பாடம் செய்த வாக்கியத்தோடு போனேன். காய்ச்சலில் படுத்திருந்தார். "அடுத்த வாரம் வா பாப்பா, தல வலிக்குது" என்றார். படியிறங்கியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தன்னார்வலர் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டதால் புதிய பதிப்பை எல்லோருக்கும் வெளியிடப்போகிறார்கள். அதை அக்காவின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்போகிறார்கள். எங்கெங்கோ இருக்கும் பார்வையற்றவர்கள் அக்காவின் பெயரை நம்பித் தங்கள் பாட்டை மூடப்போகிறார்கள். சொன்னால் அக்காவின் கடைசி அறிக்கை பொய் என்றாகிவிடும். சொல்லாவிட்டால் அந்த மௌனம் எல்லோருடைய வீட்டுக்கும் போய்விடும். நான் முதலில் பதினோராவது மாடிக்குத்தான் போனேன்.

அக்காவின் அம்மாவிடம் நின்றபடியே சொன்னேன்.

"அப்ப என் புள்ள எழுதினது தப்பா?"

"இல்ல ஆன்ட்டி. அவங்க கேட்டத எழுதினாங்க. நான்தான் தொட்டேன்."

"அத நீக்கிரு. அவ பேர்ல பொய் இருக்கக் கூடாது." பிறகு, எனக்குத் தோன்றாத, தோன்றியிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "இதால அவ பாட்டு ஏதாச்சும் போயிருக்கா?"

நாங்கள் அக்காவின் கணினியைத் திறந்தோம். ஈஸ்டர் பாட்டு இருந்தது. முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று நான் உரக்க எண்ணினேன். இருபத்திரண்டு வரை நான்கு குரல்களும் தெளிவாக இருந்தன. அதற்குப் பிறகு வெறும் கோடுகள். ஆன்ட்டி அந்தோணி அங்கிளுக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கிள் சொன்னது எனக்கே கேட்டது: "முடிஞ்சிருச்சுன்னு சொன்னாளே? காய்ச்சல் வர்றதுக்கு மொத நாள் கடைசி வரைக்கும் பாடிக் காட்டினா. நல்லா இருந்துச்சு."

அக்கா பாட்டை மூடியிருக்கிறார்; காத்திருந்திருக்கிறார்; எதுவும் கேட்காததால் சேமிக்க ஏதும் பாக்கியில்லை என்று கணினியை அணைத்திருக்கிறார். பிறகு அதைத் திறந்து பார்த்தாரா, தெரிந்துகொண்டுதான் காய்ச்சலில் படுத்தாரா என்று எனக்குத் தெரியாது. அது ஒருநாளும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அன்று மாலையே குழுவுக்கு எழுதினேன். அந்தச் சோதனை தேறவில்லை, பார்வையுள்ள நான் மௌஸைத் தொட்டதால்தான் அது பேசியது, ஸ்டெல்லா ஏமாற்றப்பட்டார் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, நிபோங் திபாலில் இருக்கும் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டில் சோதித்து, அவருக்கும் அது பேசவில்லை என்று உறுதிசெய்தார். வெளியீட்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஸ்டெல்லாவின் அறிக்கைகளில் மற்ற எதையாவது நான் தொட்டேனா என்று கேட்டார்கள். இல்லை என்று எழுதினேன். நம்புவார்களா என்று இன்னும் பயமாக இருக்கிறது. நம்பாமல் எல்லாவற்றையும் மறுபடி சோதித்தால் நல்லது என்றும் நினைக்கிறேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அன்று அவர் காத்திருந்த முகத்தைத்தான். என்ன வந்தாலும் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் அவர் தலையைச் சாய்த்திருந்தார். தயாராக இல்லாதவள் நான்.

ஈஸ்டர் அன்று அந்த இருபத்திரண்டு கட்டங்களை மட்டும் பாடப்போவதாக அந்தோணி அங்கிள் சொன்னார். அவை அக்கா தம் கையால் எழுதியவை. வேறு எவர் கையும் அவற்றில் படவில்லை. பாடி முடித்து நீங்கள் நிற்கும்போது, கோவிலில் இருப்பவர்கள் அக்கா அங்கேதான் நிறுத்தினார் என்று நினைப்பார்கள். நீங்கள் அப்படி நினைக்காதீர்கள். அவர் கடைசிவரை எழுதினார். அங்கே வரும் மௌனம் என்னுடையது.