அரிசி டிரம்மில் ஊறிய பழம்

டீச்சரின் கண்ணாடி ஜாடி மூன்று வருடங்கள், வருடத்துக்கு நான்கு மாதம், என் வீட்டு அரிசி டிரம்முக்குள் இருந்தது. அகன்ற வாயும் இறுக்கமான மூடியும் கொண்ட பெரிய ஊறுகாய் ஜாடி. அதைக் கழுத்துவரை அரிசிக்குள் புதைத்து, மூடிக்கு மேலும் இரண்டு படி அரிசியைப் பரப்பிவிடுவேன். உள்ளே கறுப்பு திராட்சை, பேரீச்சை, செர்ரி, பொடியாக நறுக்கிய ஆரஞ்சுத் தோல், பண்ருட்டிப் பலாச்சுளையின் வற்றல் எல்லாம் ரம்மில் ஊறிக்கொண்டிருக்கும். சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் இனிப்பும் காட்டமுமாக ஒரு வாசனை மூக்கில் ஏறும். என் வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு, "கெடந்துட்டுப் போவட்டும். வெளிய தெரிஞ்சா நான் பொறுப்பில்ல" என்று விட்டுவிட்டார்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீடு டீச்சர் வீடு. ஒரே மாடி, வாசல்களுக்கு நடுவில் படிக்கட்டு, பின்னால் அடுப்படிச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. நான் கம்மாபுரம் பக்கத்துப் பெண். டீச்சர் நாகர்கோவில் பக்கம், பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தார். பட்டாளத்தில் இருந்த அவர் அண்ணன் ஒவ்வொரு ஆகஸ்டிலும் இரண்டு பாட்டில் ரம் கொண்டுவந்து கொடுப்பார். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் போடும் பழம் குறைந்தது மூன்று மாதமாவது ஊற வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, பைபிளோடு பையில் ஒரு மரக்கரண்டியும் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். ஜாடியைத் திறந்து அடிவரை ஒருமுறை கிளறுவார். "ஈரக் கரண்டி மட்டும் போட்டுராத பிள்ளே. பூசணம் பிடிச்சா நாலு மாசமும் வீணாப் போவும்."

என் வீட்டில் ஒளித்து வைக்கக் காரணம் அவருடைய கணவன். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் ஆபரேட்டர். பெர்மனென்ட் வேலை, வெளியில் அடக்கமான பேச்சு. நானும் 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான முதல் வருடமே அவன் பழத்தைப் பிழிந்து ரம்மைக் குடித்திருக்கிறான். ஏன் என்று கேட்டதற்கு டீச்சரின் பல் ஒன்று போனது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தலை மோதும்போது, இந்தப் பக்கம் என் அடுப்படி ஸ்டாண்டில் தட்டுகள் அதிரும். மறுநாள் வீங்கிய முகத்தோடு, "படியில வழுக்கிட்டேன்" என்பார். அந்தப் படிக்கட்டைச் சுற்றி ஆறு வீடுகள். ஒரு மனுஷி அத்தனை முறை வழுக்க முடியாது என்று ஆறு வீட்டுக்கும் தெரியும். சத்தம் கேட்டால் டிவியைக் கூட்டி வைப்போம். நானும் கூட்டி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வருடம் நவம்பரில் ஒரு சனிக்கிழமை அவன் முதல் ஷிப்ட் முடிந்து பகல் மூன்று மணிக்கு வந்தான். வரும் வழியில் டீச்சரின் அண்ணன் அவனுக்குப் போன் செய்து, பழம் ஊறிவிட்டதா என்று யதார்த்தமாகக் கேட்டிருக்கிறார். எதிர்வீட்டில் பாத்திரங்கள் உருண்டன. பீரோ சாய்ந்தது. அங்கே ஜாடி இல்லை என்றதும், டீச்சர் ஞாயிறுதோறும் வந்துபோகும் என் வீட்டுக் கதவு அதிர்ந்தது. திறந்தால், டீச்சரின் தலைமயிரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். அவர் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகி ரவிக்கையில் இறங்கியிருந்தது.

"எங்க வூட்டு சரக்க நீ எதுக்கும்மா ஒளிச்சி வச்சிக்கினு இருக்கற? எடுத்தா."

டீச்சர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த அசைவை அவன் கை உணர்ந்திருக்க வேண்டும். அவர் நெற்றியை என் கதவு நிலையில் மோதினான். ஒருமுறை, இன்னொருமுறை. "குடுக்கிறியா, இல்ல இவ மண்டையப் பொளக்கட்டுமா?"

நான் ஓடிப்போய் அரிசிக்குள் கைவிட்டு ஜாடியை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தால் அடி நிற்கும் என்று நம்பினேன்.

அவன் என் வாசற்படியிலேயே உட்கார்ந்து, டீச்சரின் முந்தானையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு குடித்தான். வாய்க்கு வந்த பழத்தைத் துப்பினான். ரம் தீர்ந்ததும், "இத வச்சிக்கினுதான எனக்குத் தண்ணி காட்டின?" என்று அவருடைய வலது கையைத் தரையில் விரித்துப் பிடித்து, ஜாடியின் கனத்த அடிப்பாகத்தை அதன்மேல் இறக்கினான். விரல் எலும்பு முறிந்த ஓசையும் கண்ணாடி உடைந்த ஓசையும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டன. உடைந்த விளிம்போடு அவன் கை மறுபடி உயர்ந்தது.

மிளகு இடிக்கும் இரும்பு உலக்கை என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. அவன் முழங்காலில் அடித்தேன். அவன் படியில் சரிந்தான், கண்ணாடி கையை விட்டுப் போனது. அதோடு எல்லாம் முடிந்துவிட்டது. அவனால் எழ முடியாது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் உலக்கையை ஓங்கி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இன்னொரு அடி போட்டேன். எலும்பு உள்ளே இறங்கியது. என் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியது. அதை வேறு வார்த்தையால் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதற்கு ஓங்கியபோது, டீச்சர் தன் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "போதும் பிள்ளே."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அவன், "படியில வழுக்கிட்டேன்" என்றான். ஒரு பொம்பளை அடித்து விழுந்ததைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் ஆறு வீடும் அதையே சொன்னது. கீழ்வீட்டு அம்மா, "அந்தப் படி அப்பிடித்தாங்க, ரொம்ப வழுக்கும்" என்றார். டீச்சரும் அதையேதான் சொன்னார். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, ரத்தமும் ரம்மும் பழமும் கலந்து கிடந்த வாசலை வெகுநேரம் பார்த்தார். "நாளைக்கு மைன்ஸ்ல எப்பிடி மூஞ்சி காட்டறது?" என்றார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார்.

டீச்சர் அதன்பிறகு அந்த வீட்டுக்குள் போகவில்லை. அண்ணன் வந்து சாமான்களை எடுத்து, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு பார்த்துக் கொடுத்தார். விவாகரத்துக்கு இரண்டு வருடம் ஆனது. அவன் காலை இழுத்து நடந்து, ஆபரேட்டர் வேலை போய், உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறி, ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்குப் போய்விட்டான். டீச்சர் இடதுகையால் கரும்பலகையில் எழுதப் பழகினார். வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது.

இந்த ஆகஸ்டிலும் நான் மந்தாரக்குப்பம் போனேன். பழம் நறுக்குவது என் வேலை, அளந்து ரம் ஊற்றுவது அவர் வேலை. ஒளிக்க ஆளில்லாததால் புது ஜாடி சாப்பாட்டு மேஜை மேலேயே இருக்கிறது. பேரீச்சைக் கொட்டையை எடுத்துக்கொண்டே, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "டீச்சர், மொத அடி ஒங்களுக்காக. ரெண்டாவது அடி எதுக்குன்னு எனக்கே தெரியல. அது பாவம்தானே?"

அவர் ரம் பாட்டிலை நிமிர்த்தி வைத்தார். மூடியை மெதுவாகத் திருகினார்.

"முதல் அடி விழுந்தப்பமே உனக்க கையப் பிடிச்சிருக்கலாம் பிள்ளே. எட்டுற தூரத்துலதான் கிடந்தேன். பிடிக்கல்ல."