வெள்ளிக்கிழமை தோறும் விழிக்கும் கார்

ஏம்பலம் கிராமத்தில் தேவியைத் தெரியாதவர்கள் இருக்கலாம், தேவி வீட்டுக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் எழுந்து, தெருக்கோடி வரை ஒரு சுற்று போய் வந்து மறுபடியும் படுத்துவிடும்.

தேவியின் கணவன் கலைவேந்தன் பன்னிரண்டு வருஷமாக மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். மகள் அர்ச்சனா புதுச்சேரியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மகளைப் பார்க்கப் போக தேவி மழையில் பஸ்ஸுக்கு நிற்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்று சொல்லி, போன லீவில் அவன் வாங்கி நிறுத்திய செகண்ட்ஹேண்ட் கார் அது. சாவி திருகுகிற வேலை இல்லை. பட்டனை அமுக்கினால் போதும். ஆனால் மெயின் ரோட்டில் ஓட்ட தேவிக்குப் பயம், மகளைப் பார்க்க இன்னும் பஸ்தான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. சரியாக ஐந்து மணிக்குப் போன் வரும். "ஸ்டார்ட் பண்ணு" என்பான். பானட்டின் மேல் போனை வைத்துவிட்டு அவள் பட்டனை அமுக்குவாள். அவன் அங்கே கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். பிறகு ஆயில் பார், கூலன்ட் பார், டயரைத் தட்டிப் பார் என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். எல்லாம் முடிந்ததும் "வேற இன்னா?" என்பான்.

"இங்க எல்லாம் நல்லாத்தான் கீது. நீங்க ஒடம்ப பாத்துக்குங்க."

பன்னிரண்டு வருஷமாக இதே பதில்தான். டெங்குவில் பத்து நாள் படுத்திருந்தபோதும் இதைத்தான் சொன்னாள். புயலில் கூரைத் தகரம் பறந்தபோதும் இதைத்தான் சொன்னாள், தகரத்தை மாற்றிவிட்டு. தூரத்தில் இருக்கிற மனுஷனை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அதில் அவளை யாரும் அசைக்க முடியாது.

தை அறுவடை முடிந்ததும் கழனி எலிகள் ஊருக்குள் வரும். தேவியோ, காரில் தூசி படக்கூடாது என்று தார்ப்பாயைத் தரை வரைக்கும் இழுத்து, சுற்றிலும் செங்கல் வைத்து அடைத்திருந்தாள். பக்கத்திலேயே வைக்கோல் போர். எலிகளுக்கு இதைவிட நல்ல தொகுப்பு வீடு அரசாங்கம்கூடக் கட்டித் தராது.

அந்த வெள்ளிக்கிழமை, போன் வருமுன் நான்கு மணிக்கே ஒரு தடவை பட்டனை அமுக்கினாள். விளக்குகள் கோயில் திருவிழா மாதிரி எரிந்தன, இஞ்சின் மட்டும் அசையவில்லை. பானட்டைத் திறந்தால் வைக்கோலும் அவளுடைய பழைய துப்பட்டாவும் கலந்து கட்டிய கூடு. அதற்கடியில் கடித்துத் துப்பிய ஒயர்கள்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. கேட்ட லீவைக் கொடுக்க மாட்டேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டானாம். அவன் குரல் செத்துப் போயிருந்தது. இந்த மனுஷனிடம் எலி கதையை எப்படிச் சொல்வது? சிக்னல் மோசமாக இருந்த ஒரு நாளில், அவன் கேட்டான் என்று இஞ்சின் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தாள். அது அர்ச்சனாவின் பழைய போனில் இன்னும் இருந்தது. வீடியோ வரவில்லை என்று சொல்லிவிட்டு அதை ஓடவிட்டாள்.

கேட்டு முடித்து, "நல்லா ஓடுது" என்றான் அவன்.

அடுத்தடுத்த வெள்ளிகளிலும் அதே கதைதான்.

கார் கம்பெனி ஆள் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். மொத்த ஒயரிங்கையும் மாற்ற வேண்டும், வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றார். அந்தச் செலவுக்குக் கணவனிடம்தான் பணம் கேட்க வேண்டும், கேட்டால் எலி கதை வெளியே வந்துவிடும். பைக் மெக்கானிக் தணிகைவேல் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "கார்பரேட்டர் இருந்தா கை வெப்பேன்க்கா. இதுல எங்க தொட்டாலும் கம்ப்யூட்டரு" என்று கையை விரித்தான். ஒயரில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கிற மல்டிமீட்டர் ஒன்றை மட்டும் இரவல் கொடுத்தான்.

ஒயர் என்றால் தேவிக்குப் பயம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் திருபுவனைப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஆறு வருஷம் சால்டரிங் வைத்தவள். ஆனால் ஒயரைத் தொட வேண்டுமே! அதற்கு முன்னால் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்ற வேண்டும். அதன் திருகுகளோ வீட்டில் இருக்கிற எந்த ஸ்க்ரூ டிரைவருக்கும் மசியாத நட்சத்திரத் தலை. அதற்கென்று ஒன்று வாங்கி வந்தால் பிளாஸ்டிக் கிளிப் படக்கென்று உடைந்தது. நழுவிய போல்ட் ஒன்று அடித்தட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது, அதை எடுக்கவே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இந்த வண்டியைச் செய்தவன் தன் கையால் ஒரு தடவையாவது கழற்றிப் பார்த்திருப்பானா என்று தேவி வாய்விட்டே திட்டினாள்.

அவள் வேலை பார்க்கும் பால்வாடி மதியம் மூன்று மணிக்கு விட்டுவிடும். மூன்றரைக்குக் கார் முன்னால் நிற்பாள். பேட்டரியைக் கழற்றி வைத்து, ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுத்து, நிறம் பார்த்து, ஒட்டி, சூட்டில் சுருங்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் ஸ்லீவ் மாட்டிச் சூடு காட்டினாள். பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் இரண்டு இருந்தன. அவற்றை மாற்றி ஒட்டிவிட்டு நான்கு நாள் தவித்தாள். கடைசியில் காரில் சொருகினால் கோளாறு எண்ணைப் போனில் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை வரவழைத்தாள். அது காட்டிய எண்ணை வைத்துத் தேடித்தான் தப்பைப் பிடித்தாள்.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை. பட்டனை அமுக்கினாள். இஞ்சின் உறுமியது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு வீடியோவிலேயே பேசினாள். பானட் மேல் போனை வைத்து ஸ்டார்ட் செய்தாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்கிதான் நெஜமா ஓடுது, இல்ல?"

தேவி பானட்டிலிருந்து போனைக் கையில் எடுத்தாள்.

"நீ போட்டுக் காட்டினது நான் லாரில தெனமும் கேக்குற சத்தம்டி. நீ அனுப்பினதுதான். எனக்கு அது மனப்பாடம். நீயே சொல்லுவன்னு நாலு வாரமா காத்துனு இருந்தேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எலி, கூடு, நட்சத்திர ஸ்க்ரூ, பச்சை ஒயர். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கெட்டிக்காரிடி நீ" என்றான். பிறகு மெல்ல அடங்கினான்.

"வெள்ளிக்கிழமை இன்னா செக் பண்ணச் சொல்லலாம்னு நான் புதன்கிழமையே யோசிக்க ஆரம்பிச்சிடுவேன். வூட்ல எனக்குனு இருந்தது அந்த ஒரு வேலதான். இனிமே அதுக்கும் நான் வேணாம்."

விளையாட்டாகச் சொல்வது மாதிரிதான் சொன்னான். முகம் அப்படி இல்லை.

"அப்பிடில்லாம் ஒண்ணும் இல்ல, இங்க எல்லாம் நல்லா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். நான்கு வாரம் போனில் ஓட்டிக் காட்டியது சின்னப் பொய். பன்னிரண்டு வருஷமாக வாயால் ஓட்டிக் காட்டியதுதான் பெரிய பொய் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நல்லாத்தான் கீது, நல்லாத்தான் கீது என்று சொல்லிச் சொல்லியே, அவன் இல்லாமல் இந்த வீடு ஓடும் என்று அவனை நம்ப வைத்துவிட்டாள்.

"இங்க ஒண்ணும் நல்லா இல்லங்க" என்றாள். "எலி கடிச்ச அன்னிக்கி பானட்ட தொறந்து வெச்சினு அர மணி நேரம் அழுதேன். வண்டிக்காக இல்ல. பக்கத்துல நின்னு அய்யோன்னு சொல்லக்கூட ஆளு இல்லியே, அதுக்காக. வண்டிக்குத்தான் நீங்க வேணாம். எனக்கு வேணும்."

அவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றான் அவன்.

எதிர்வீட்டு வாசலில் செல்லக்கண்ணு மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, அதை மீறித் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் கத்தித்தான் சொல்ல வேண்டும். தேவி இஞ்சினை நிறுத்தவில்லை. கத்தியே சொன்னாள்.