கூட்டிப் பெருக்கிய காடு

எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். மரம் இருக்க வேண்டும் என்றில்லை. திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் காட்டிலும் ஒரு மரம் கிடையாது, நான் வேலைக்குச் சேரும்வரை.

வேம்பு, புங்கன், உசிலை, வெள்வேல் என்று இந்த மண்ணின் மரங்களை நட்டால் அவை காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துத் தண்டிலும் மண்ணிலும் கரியாகச் சேர்த்து வைக்கும், அதற்காகப் புகை விடும் கம்பெனிகளிடமிருந்து விவசாயிக்கு ஒரு வருமானமும் வரும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது என் வேலை. அலுவலகம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். தலையை நிமிர்த்தித்தான் நடப்பேன்.

ஆனால் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கடலைக்கு நிழல் ஆகாது என்றார்கள். கடைசியில் அப்பாவிடம் சண்டை போட்டு எங்கள் காட்டிலேயே நட்டேன். பக்கத்துக் காட்டுப் பெரியப்பா வேலியோரம் நின்று சிரித்தார். "மொதல்ல உங்க காடு தேறட்டும் சாமி. அப்பறம் நாங்க நடறோம்."

சில வருஷத்தில் மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்தன. தேறுகிறதா என்று பார்க்க வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வருவார். மரத்தின் சுற்றளவை அளப்பார். அடியில் மக்கிக் கிடக்கும் சருகையும் மண்ணையும், கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சோதிக்க எடுத்துப் போவார். சருகைக் கூட்டக் கூடாது, எரிக்கவே கூடாது. இதை அம்மாவிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தேன். குப்பைக் காடு என்று முகம் சுளித்தாலும், மரம் நட்டதிலிருந்து அம்மா அதில் கை வைக்கவில்லை.

அதிகாரி வரும் நாள் வந்தது. அவரை ஜீப்பில் அழைத்துக்கொண்டு போனேன். மண்பாதை திரும்பியதுமே புகை தெரிந்தது. மரங்களுக்கு அடியில் விளக்குமாறு இழுத்த கோடு கோடாக மண் பளிச்சென்று கிடந்தது. வரப்போரம் சருகு எரிந்துகொண்டிருந்தது. அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, மோர்ச் சொம்போடு நின்றாள்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

அதிகாரி புகையைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இது யார் காடுங்க?"

"எங்க காடுதாங்க. அவங்க எங்கம்மா."

அவர் மோரைக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "இந்தத் தடவ கணக்குல சேக்க முடியாதுங்க. அடுத்த தடவ பாக்கலாம்." அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த விதிகளை நானே பத்து ஊரில் சொல்லியிருக்கிறேன்.

ஜீப் போன பிறகு அம்மா கேட்டாள்: "காடு சுத்தமா இருக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாரா கண்ணு?"

சருகு போனதால் காடு தேறவில்லை என்று சொன்னேன். கத்துவதற்கும் தெம்பில்லை.

அம்மா வரப்பில் உட்கார்ந்தாள். "ஊட்டுக்கு ஆள் வாராங்கன்னா கூட்டாம உடுவமா? படிச்ச புள்ளயோட காடு இப்பிடிக் கெடக்குதுன்னு உன்னயத்தான பேசுவாங்க? விடியறதுக்கு முன்னயிருந்து கூட்டுனேன். இடுப்பு கழண்டு போச்சு."

விருந்தாளி வரும் நாளில் வாசலைப் பெருக்காமல் விட என்னாலும் முடியாது.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வந்து நின்றார். "ஏஞ்சாமி, தேறுச்சா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லீங்க பெரியப்பா. இந்த வருசம் இல்லீங்க," என்றேன். எரிகிற சருகின் மேல் மண்ணைத் தள்ளி அணைக்க ஆரம்பித்தேன்.