முனிக்கு நேர்ந்துவிட்ட குஞ்சு

சென்ற வாரம் ஹட்டன் நகரில் கால்நடைத் தீவனம் விற்கும் கடையொன்றில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டின் பின்புறத்தில் நாலைந்து கோழி வளர்க்க வேண்டுமென்று மருமகளுக்கு ஆசை. கடைக்காரர் துளையிட்ட அட்டைப் பெட்டியொன்றைத் திறந்து காட்டினார். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

“எல்லாமே பொட்டக்குஞ்சுதான் சேர். கம்பெனியிலயே பாத்துப் பிரிச்சிட்டுத்தான் அனுப்புறாங்க. ஒண்ணு கூவுனாலும் கொண்டாங்க, மாத்தித் தாறேன்.”

“பிறந்த அன்றைக்கே கண்டுபிடித்துவிடுகிறார்களா?”

“அன்னைக்கே சேர். இதுல என்ன இருக்கு?”

இதில் என்ன இருக்கிறது என்று அவர் மிக இலேசாகக் கேட்டுவிட்டார். தீவன மூட்டையிலிருந்து எழுந்த தவிட்டு வாசனையும், அதனடியில் கருவாட்டுத் தூளின் நெடியும் மூக்கில் ஏற, கைத்தடியை ஊன்றி நின்றேன். நண்பரே, என் நற்பெயர் ஒரு கோழிக்குஞ்சினால் போயிற்று என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

அதே தவிட்டு வாசனைதான் நான் படித்த கல்லூரியின் பின்கட்டிலும் வீசும். விவசாயப் பாடத்துக்கென்று அங்கே ஒரு கோழிப் பண்ணை இருந்தது. இலத்தீன் கற்பிக்கும் கல்லூரியில் கோழி வளர்க்கிறார்களா என்று முகஞ்சுளித்த மாணவர்களுள் நானும் ஒருவன். ஆனால் அந்தப் பாடத்தில் முதற்பரிசு எனக்கே கிடைத்தது. இரண்டு மாதக் குஞ்சைக் கையில் எடுத்தால் கொண்டையின் நிறத்தைப் பார், காலின் பருமனைப் பார், முதுகின் பின்பாதியில் புதிதாய் முளைக்கும் இறகின் நுனி கூரியதா வட்டமா என்று பார் என்பார் எங்கள் ஆசிரியர். கூரியது சேவல், வட்டம் பெட்டை. நாட்டுக் குஞ்சுகளில் ஒன்றிரண்டு ஏமாற்றும். மூன்று அடையாளமும் ஒத்துப்போனால் ஏமாற்றாது.

கல்லூரியை முடித்துக்கொண்டு மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியனாகச் சேர்ந்தேன். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு தேயிலை மலைக்குள் நடந்த முதல் வாத்தியார் நான்தான் என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. மழைக்காலத்தில் அந்தக் கழுத்துப்பட்டியில் அட்டை ஏறியதையும் அவர்களே சொல்வார்கள். தோட்டத்தில் பெரும்பாலோர் சைவர்கள், நாங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய குவாட்டர்சில் நானும் என் தாயாரும் குடியிருந்தோம். பள்ளித் தோட்டத்தைக் கிளறும் என்பதனால் கோழி வளர்க்க நான் இடங்கொடுக்கவில்லை. ஆகவே அம்மா தம் பெட்டைக்கோழியை, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான மேல் லயத்துச் செல்லம்மா அக்காவிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். வாரம் என்றால், கோழி ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது, குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. தாயைப் பிரிந்து மேயத் தொடங்கியதும் லயத்து வாசலில் நாலு பேர் பார்க்க, மாறி மாறி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார்கள்.

செல்லம்மா அக்காவின் கணவர் மாரிமுத்து தோட்டத் தலைவர். சங்கத்திலும் கோவிலிலும் அவர் வைத்ததுதான் சட்டம். துரையிடம் நிமிர்ந்து நின்று பேசக்கூடியவர். அதை நான் மறுக்க மாட்டேன். அவருடைய மகனுக்கு இரண்டும் பெண்கள். மருமகள் பாக்கியம் மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். பேரன் பிறக்க வேண்டுமென்று தலைவர் மலை முனிக்குச் சேவல் நேர்ந்திருந்தார். ஆடிப் பூசையில் அறுப்பதாக வாக்கு. நேர்ந்த குஞ்சின் காலில் மஞ்சள் நூல் கட்டுவது அங்கே வழக்கம். கட்டிய நூலை அவிழ்க்கக் கூடாது. குஞ்சை மாற்றக் கூடாது. மாற்றினால் கேட்ட வரம் புரண்டுபோகும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அம்மாவின் பங்கை எடுக்க நான் போனேன். வாசலில் பெரிய கூடையைக் கவிழ்த்திருந்தார்கள். தலைவர் வந்தார். முதற்குஞ்சு முனிக்கு என்றார், எவரும் மறுக்கவில்லை. புள்ளி போட்ட சாம்பல் நிறக் குஞ்சொன்றைத் தூக்கினார். நிமிர்ந்த கழுத்தும் துடுக்குமாக அது பார்வைக்கு ஆண்பிள்ளை போலத்தான் இருந்தது. ஆனால் கொண்டை வெளிறியிருந்தது. கால் மெலிந்திருந்தது. முதுகு இறகின் நுனிகள் வட்டமாக இருந்தன.

“தலைவர், நூலைக் கட்டாதீர்கள். அது பெட்டை” என்றேன்.

தலைவர் குஞ்சின் இரு கால்களையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டார். அது தலையைத் தூக்கியது.

“பாருங்க மாஸ்டர். தலையத் தூக்குது பாத்தீங்களா? சாவல்னா தூக்கும், பொட்டைனா தொங்கப் போடும்.”

“எந்தக் குஞ்சைத் தொங்கவிட்டாலும் தூக்கும், தலைவர். வேண்டுமானால் கூடைக்குள் இருக்கும் இன்னொன்றையும் பிடித்துப் பாருங்கள்.”

“மாஸ்டர், நீங்க பள்ளிக்கூடத்துல புள்ளைங்களப் பாருங்க. கோழிய நாங்க பாத்துக்கிறோம்” என்று நூலை எடுத்துக் கட்டினார்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: “வேதக்காரங்க கண்ணுக்கு முனியோட சாவலும் பொட்டையாத்தான்டி தெரியும்!” வாசல் முழுவதும் சிரித்தது. இன்னொருத்தி, “நல்ல குஞ்சா பாத்து வச்சிருக்காரு. தலைவர் கைய வச்சதும் பொறுக்கல” என்றாள். முதற்பேச்சாவது கேலி. இரண்டாவது பேச்சு என்னைத் திருடனாக்கியது. சாமிக் குஞ்சுக்கு ஆசைப்பட்டவன் என்ற பெயருடன் அன்று மலையிறங்கினேன். நான் உண்மையைத்தான் சொன்னேன். அதை எங்கே, எவர் முன்னால் சொல்வது என்று கல்லூரியில் எவரும் கற்பிக்கவில்லை.

அதன்பின் தோட்டம் முழுவதும் அந்தக் குஞ்சு கூவுவதற்காகக் காத்திருந்தது. விடியலில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கப் போகும் பெண்கள் பள்ளிக்கூட வேலியருகே வந்ததும் ஒருத்தியை ஒருத்தி கேட்பார்கள்: “என்னடி, கூவிருச்சா?” “கூவிருச்சாம்டி, வாத்தியாருக்குத்தான் காது கேக்கல!” வகுப்பில் நான் பலகைப்பக்கம் திரும்பினால் பின்வரிசையிலிருந்து மெல்லிய கொக்கரக்கோ எழும்பும். மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் குறைந்தார்கள். முனியைப் பழித்தவனிடம் பிள்ளையை அனுப்பலாமா என்று பெரியவர்கள் யோசிக்கிறார்கள் என்று கணக்குப்பிள்ளை வந்து சொன்னார். நான் கலங்கவில்லை. என் பக்கம் இயற்கை இருந்தது. பெட்டை ஒருநாள் முட்டையிடும். அன்று லயத்து வாசலில் அத்தனை பேரும் பார்ப்பார்கள். என் பெயர் தானாகவே துலங்கும். அந்த ஒரு முட்டைக்காக நான் காத்திருந்ததைப்போல, பின்னாளில் அதிபர் நியமனத்துக்காகக்கூடக் காத்திருந்ததில்லை.

அதுவும் வளர்ந்தது. சாமிக் கோழி என்பதால் எவர் வீட்டுத் திண்டிலும் ஏறும், எவரும் விரட்டுவதில்லை. கூவவில்லை. ஆனிக் கடைசியில் அதன் கொண்டை சிவந்தது. உடனே “பாத்தீங்களா, சாவக்கொண்டை!” என்று ஆரவாரித்தார்கள். முட்டையிடப்போகும் வெடைக்கோழிக்கும் கொண்டை சிவக்கும் என்பது எனக்குத் தெரியும். அது விறகு அடுக்குக்குள்ளும் சாக்குக்குள்ளும் நுழைந்து இடம் தேடத் தொடங்கியிருப்பதை மலைப்பாதையிலிருந்தே கண்டேன். இன்னும் சில நாள்தான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அதைக் கண்டவன் நான் மட்டுமல்லன். ஆடி பிறக்கும் முன்னரே, ஒரு செவ்வாய்க்கிழமை, தலைவர் திடீரென்று முனிப் பூசை வைத்தார். பாக்கியத்துக்கு உடம்பு சரியில்லை, சாமி கனவில் வந்து அவசரப்படுத்தியது என்றார்கள். கோழியை மஞ்சள் துணியால் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டுக் கொண்டுபோனார்களாம். சாமிக் காவை இப்படிச் சுற்றுவது அந்தத் தோட்டத்தில் அதற்கு முன் கேள்விப்படாத வழக்கம். அறுபட்டது சேவல் என்று ஊர் ஒப்புக்கொண்டது. என் சாட்சி கறிச்சட்டிக்குப் போயிற்று.

மறுநாள் மாலை செல்லம்மா அக்கா முந்தானைக்குள் மறைத்தபடி ஒரு மூடிய கிண்ணத்துடன் எங்கள் பின்கதவுக்கு வந்தார். அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, “மாஸ்டரு பாக்கட்டும்” என்றார். உடனே தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டார். படைத்ததை நாங்கள் உண்பதில்லை. அது அவருக்கும் தெரியும். திறந்து பார்த்தேன். கறியின் நடுவில், நெய் பூத்த குழம்பில், முட்டைக் கொத்து கிடந்தது. கடுகளவு, மிளகளவு, கோலிக்குண்டு அளவு என்று பெரிதாகிக்கொண்டே போன மஞ்சள் கருக்கள். பெட்டைக்கோழியின் வயிற்றைத் தவிர வேறெங்கும் அது இருக்காது.

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினேன். நேரே மேல் லயத்துக்குப் போய், அந்த வாசலில், அத்தனை பேர் முன்னாலும் மூடியைத் திறக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெந்த நினைவும் எனக்கு இல்லை. அம்மா கதவில் குறுக்கே நின்றார்.

“எங்க போற?”

“அவங்களுக்குக் காட்டணும்மா.”

“காட்டு. கறிய அறுத்தது அவ ஒருத்திதான. கிண்ணம் யாரு குடுத்தானு தலைவரு கேக்க மாட்டாரா? நீ நல்ல பேர வாங்கிட்டு வந்துருவ, அடிபடுறது யாரு? உள்ள புள்ளத்தாச்சி வேற படுத்துருக்கா. நேந்தது பொட்டைனு அவ காதுல விழுந்தா என்னடா ஆகும்?”

செருப்பைக் கழற்றினேன். கறியை அம்மா வாழையடியில் புதைத்தார். கிண்ணத்தைச் சாம்பலிட்டுத் தேய்த்து, நாலு நாள் கழித்து யாரும் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். நான் வாய் திறக்கவில்லை. இதுவரை எவரிடமும் திறந்ததில்லை. அதற்காக எனக்கு எவரும் மாலை போடவுமில்லை.

பாக்கியத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது.

முனிக்குக் கொடுத்தது சேவல்தான் என்பதில் தோட்டம் அப்போதும் உறுதியாக இருந்தது. ஆனால் பெண் பிறந்ததற்குக் காரணம் வேண்டுமல்லவா? “மாஸ்டரு வாய வச்சாரு. பொட்டை பொட்டைனு நூலு கட்டுற நேரத்துல சொன்னாரு. பலிச்சிருச்சு” என்றார்கள். கோழி விஷயத்தில் என் சொல் பொய். குழந்தை விஷயத்தில் அதே சொல்லுக்கு அத்தனை வல்லமை! அந்த நியாயத்தை நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன், இன்னும் விளங்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் என்னைக் கண்டால் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு பாதை விலகினார்கள். காலையில் நாற்பது பேர் உட்கார வேண்டிய வகுப்பில் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. அடுத்த தவணைக்கு முன்னர் உடப்புசல்லாவைப் பக்கம் மாற்றம் கேட்டு வாங்கினேன். போகிற அன்று வழியனுப்ப வந்தவர் கணக்குப்பிள்ளை ஒருவரே. அவரும் பஸ் வருமுன்னர் வேலையிருக்கிறது என்று போய்விட்டார்.

பிறகு பெரிய இடங்களில் பணியாற்றினேன். அதிபராக ஓய்வு பெற்றேன். ஆயினும் எந்தக் கலியாண வீட்டிலாவது மஸ்கெலியாப் பக்கத்து ஆள் ஒருவர் என்னை இனங்கண்டுவிட்டால், சோற்றுக்கு முன்னரே அந்தக் கதை வந்துவிடும். “சேர்தான் அந்தக் காலத்துல முனி சாவல பொட்டைனு…” பந்தி சிரிக்கும். எனக்கும் உதடு விரியும். மறுத்துச் சொல்ல வாய் கூசும்.

இப்போது அந்த மேல் லயம் இல்லை. மண் சரியுமென்று குடும்பங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தரைக்கல்லின் மேல் மானாப்புல் வளர்ந்து கிடக்கிறது. முனிக்குக் கூரையும் தளவரிசையும் போட்டு, உயிர்ப்பலியை நிறுத்தி, பூசணிக்காய் வெட்டுகிறார்களாம். பூசணிக்காயில் ஆண் பெண் பார்க்க வேண்டியதில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். தலைவர் குடும்பம் அந்தக் குழந்தை நடை பழகுமுன்னரே கடவுச்சீட்டு வந்து இந்தியாவுக்குப் போயிற்று. நீலகிரிப் பக்கம் குடியேறினார்கள் என்றும், செல்லம்மா அக்கா அங்கே முதற்குளிரையே தாங்கவில்லை என்றும் யாரோ சொல்லக் கேள்வி. அந்தக் கிண்ணத்துக்குள் இருந்ததை அறிந்தவன் நான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன். அதற்கு என்ன பெறுமதி?

அந்தப் பெண் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது. உயிரோடிருந்தால் அவளே இன்று பேரப்பிள்ளை கண்டிருப்பாள். இலங்கையில் ஒரு வாத்தியார் வாய் வைத்ததனால்தான் நீ பெண்ணாகப் பிறந்தாய் என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருப்பார்கள். நான் முகம் பார்த்தறியாத ஒருத்தி, ஆயுள் முழுவதும் அதை நம்பி என்னை வைதுகொண்டிருக்கக்கூடும்.